ஒரு பேன்ட் போட்டுட்டு வரவேண்டியதுதானே?

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஓட்டல் வாசலில் வேட்டி கட்டிய பெரியவரை நிறுத்திவைத்த வீடியோவைவிட, அதன் கீழே நம் நண்பர்கள் எழுதியதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "டிரஸ் கோடு இருக்குன்னா ஒரு பேன்ட் போட்டுட்டு வரவேண்டியதுதானே?"

யார் வைத்த விதி அது? நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகையை மாட்டு என்று வெள்ளைக்காரனின் கிழக்கிந்தியக் கும்பினி போட்ட உத்தரவுதான் 1806-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்களைக் கொதிக்கவைத்தது. அன்று எதிர்த்துச் செத்தார்கள். இன்று உத்தரவு போட வெள்ளைக்காரன் இல்லை, நாமே போதும். 2014-ல் சேப்பாக்கத்தில் ஒரு கிளப், உயர்நீதிமன்ற நீதிபதியையே வேட்டிக்காக உள்ளே விடவில்லை. சொந்த ஊரில் வேட்டி கட்டிக்கொண்டு நுழைய, சட்டசபை தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. 2024-ல் பெங்களூரில் மகனோடு சினிமா பார்க்கப் போன விவசாயியை மால் வாசலில் மறித்தார்கள்.

"தனியார் இடம், அவங்க விதி" என்கிறீர்கள். விதி வைக்கட்டும், வேட்டி ஏன் அதில் குற்றமாகிறது? "கோயிலில் பேன்ட் கூடாதுன்னா கேட்டியா?" அதுவும் தப்புதான், தனியாகப் பேசலாம். "நீயே பேன்ட்தானே?" ஆமாம், போடுகிறேன். பேன்ட்டோடு எனக்குப் பகையில்லை. பேன்ட் போட்டவன் படித்தவன், வேட்டி கட்டியவன் வழிதவறி வந்தவன் என்று நம் ஆளே நம் ஆளை எடைபோடுவதுதான் வலிக்கிறது. பொங்கலுக்கு முன்னால் ஆபீஸில் எல்லோரும் வேட்டி கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த வாரம் அதே வேட்டியில் ஒருவர் வந்தால் "யாரைப் பார்க்கணும்?" என்கிறோம்.

என் அப்பா சேலம் அம்மாப்பேட்டையில் தறி நெய்தவர். கரை பிசகாமல் வெண்பட்டு வேட்டி நெய்வார். அதைக் கட்டிக்கொண்டு எத்தனை மாப்பிள்ளைகள் மணவறையில் உட்கார்ந்திருப்பார்கள்! 1998-ல் என்னைக் காலேஜில் சேர்க்கக் கிளம்பிய அன்று நான்தான் சொன்னேன், "அப்பா, வேட்டி வேண்டாம்." யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கழுத்தில் டை கட்டிப் பள்ளிக்கூடம் போன பையனுக்கு அது தானாகவே தெரிந்திருந்தது. மாமாவின் பேன்ட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையில் என் சர்டிபிகேட் பை, இன்னொரு கையால் பேன்ட்டைப் பிடித்தபடியே படியேறினார். பிரின்சிபால் அறைக்கு வெளியே மெதுவாகக் கேட்டார், "கண்ணு, இப்ப சரியா இருக்குதா?"

அந்த வரியை எழுதியவர்கள் தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.