பூச்சியைத் தேடி ஒரு டார்ச் லைட்

முந்தாநாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் தம்பி தன் மகன் வாய்க்குள் செல்போன் டார்ச்சை அடித்துப் பூச்சி தேடிக்கொண்டிருந்தான்.

பி.இ. மெக்கானிக்கல். முதல் வகுப்பு. காரில் எங்கே கடகடவென்று சத்தம் வந்தாலும் காதை வைத்தே இன்ன இடம் என்று சொல்லிவிடுவான். அவன்தான், "அக்கா, தலையைக் கொஞ்சம் பிடி, கடைவாய்ல கறுப்பா ஏதோ நெளியுது" என்கிறான். ஒன்றும் நெளியவில்லை. பயல் வலி தாங்காமல் தலையை ஆட்டியதில் நிழல் ஆடியது. அவ்வளவுதான்.

அதற்குள் கட்டிலைச் சுற்றி மாநாடு கூடிவிட்டது. அம்மா கிராம்பு டப்பாவோடு வந்தாள். "கண்டங்கத்திரி விதையை நெருப்புல போட்டுப் புகை பிடிச்சா பூச்சி பொலபொலன்னு உதிரும். எங்க காலத்துல கிண்ணத்துத் தண்ணியில மிதக்குமே, நானே பாத்துருக்கேன்" என்றாள். அம்மா, நீ பார்த்தது சூட்டில் வெடித்துத் தெறித்த விதைத் துணுக்கு. பல்லில் புழுவெல்லாம் இல்லை என்று பிரான்சில் பியேர் ஃபோஷார் என்ற பல் வைத்தியர் 1728-லேயே புத்தகம் போட்டு எழுதிவிட்டார். முந்நூறு வருஷம் ஆகப்போகிறது, தகவல் இன்னும் பாளையங்கோட்டைக்கு வந்து சேரவில்லை.

பூச்சி அகப்படவில்லை என்றதும் ஆள் தேட ஆரம்பித்தார்கள். "மாசமா இருந்தப்ப கால்சியம் மாத்திரையை ஒழுங்கா போட்டாத்தானே" என்று அம்மா மருமகளை ஓரக்கண்ணால் பார்த்தாள். தம்பி தன் பங்குக்கு, "அவங்க வீட்ல எல்லாருக்குமே பல்லு சொத்தைதான்" என்று மாமனார் வம்சத்தையே இழுத்தான். தம்பி மனைவி, "நான் சாக்லேட்டைக் கண்ல காட்டுனதில்ல அண்ணி, உங்க அம்மாதான் கடைக்குக் கூட்டிட்டுப் போறாங்க" என்றாள். சாக்லேட் கொடுக்காதது இந்தக் காலத்தில் ஒரு பட்டம். பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம்.

இத்தனை விசாரணை நடக்கும்போதும் குற்றவாளி தலையணைக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தான். பால் பாட்டில். அடியில் ஒரு விரற்கடை பால், லேசாகத் திரிந்து ஓரத்தில் ஒட்டியிருந்தது. ரப்பரைக் கடித்துக் கடித்து ஓட்டை பெரிதாகிவிட்டிருந்தது. பயலுக்கு மூன்றே முக்கால் வயது. அந்தப் பாட்டில் மேல் ஒருவர் கண்ணும் படவில்லை.

மறுநாள் காலையில் பல் டாக்டரிடம் போனோம். அங்கே நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், இதைத் தனியாகச் சுமக்க என்னால் ஆகாது.

"ராத்திரி பால் பாட்டில் உண்டா?"

"இல்ல மேடம். தூங்குறதுக்கு மட்டும்."

"தூங்குறதுக்கு மட்டும்னா?"

"வாயில வச்சாத்தான் தூக்கம் வரும்."

"அப்ப உண்டு."

"தூங்குனதும் எடுத்துருவோம் மேடம்." இங்கே தம்பி மனைவி தரையைப் பார்த்தாள். டாக்டரம்மா அவளைப் பார்த்தார்.

"சில நாள் எடுக்க மறந்துரும் மேடம்" என்றாள்.

"நடுராத்திரி எந்திச்சா?"

"எந்திச்சா ஒண்ணு. விடியக்காலம் ஒண்ணு."

"பால்ல சர்க்கரை போடுவீங்களா?"

இதற்காகவே காத்திருந்தவன் போல என் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "சர்க்கரையா? வெள்ளைச் சர்க்கரையை வீட்டுக்குள்ளயே விடுறதில்ல மேடம். அது விஷம். நாங்க நாட்டுச் சர்க்கரைதான்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். அவனோ விருது வாங்கியவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். நிறுத்தவும் இல்லை. "சில நாள் உடன்குடி கருப்பட்டி, சளி பிடிச்சா பனங்கற்கண்டு" என்று பட்டியலை நீட்டினான். பல்லில் குடியிருக்கும் கிருமி, 'ஆகா, இது இயற்கை முறையில் காய்ச்சியது, இதைத் தொடக் கூடாது' என்று ஒதுங்கி நிற்கும் என்று நினைத்தான் போல.

"பிஸ்கட்?"

"எப்பவாச்சும் மேடம். ஸ்கூல்ல இருந்து வந்ததும். சாயங்காலம் பாலுக்கு. அப்புறம் அழுதா. கார்ல போனா. வெளிய போற அன்னிக்கு சமாதானத்துக்கு."

"பல்லு யார் தேச்சு விடுறா?"

"அவனே தேச்சுக்குவான் மேடம்" என்றாள் தம்பி மனைவி. குரலில் அப்படி ஒரு பெருமை. நான் அந்தத் தேய்ப்பைப் பார்த்திருக்கிறேன். பிரஷ்ஷை வாயில் வைத்து ஸ்ட்ராபெரி பேஸ்ட்டைச் சப்பித் தின்றுவிட்டு, பிரஷ்ஷைக் குழாயில் நனைத்துத் திரும்ப வைத்துவிடுவான். சட்டை பட்டனைத் தானே போடத் தெரியாத பிள்ளை கடைவாய்ப் பல்லை மட்டும் எப்படித் தேய்ப்பான்? ஏழெட்டு வயது வரைக்கும் பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டுமாம்.

டாக்டரம்மாவுக்குப் பொறுமை அதிகம். கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். மேல்வரிசை முன்பல் நாலும் பழுப்பேறி ஓரம் உதிர்ந்திருக்கிறது. கீழ்வரிசை முன்பல் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பாட்டில் சப்பும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கொள்ளும், எச்சிலும் அங்கேதான் ஊறும், அதனால் அது தப்பித்தது. பால் முழுக்க மேல்பல்லில்தான் தேங்கும். தூங்கும்போது எச்சில் சுரப்பதும் குறைந்துவிடும், கழுவ ஆளில்லை. கிருமி அந்த இனிப்பைத் தின்று அமிலம் விடும், அமிலம் எனாமலைக் கரைக்கும். பால் பல்லுக்கு எனாமலே மெலிசு. பூச்சியும் இல்லை, மாமனார் வம்சமும் இல்லை. முதலில் ஈறோரம் சுண்ணாம்புக் கோடு மாதிரி ஒரு வெள்ளை வரி வருமாம். அப்போதே வந்திருந்தால் பாதியில் நிறுத்தியிருக்கலாம் என்றார். அந்தக் கோட்டைப் போன தீபாவளிக்கே எல்லோரும் பார்த்தோம். 'பால் குடிச்ச தடம்' என்றாள் அம்மா. நானும் சரி என்றேன்.

எவ்வளவு தின்கிறான் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறான் என்பதுதான் கணக்காம். ஒவ்வொரு தடவையும் வாயில் அமிலம் ஏறி இறங்க அரை மணி நேரமாவது ஆகும். ஒரு லட்டை ஒரே மூச்சில் தின்று வாய் கொப்பளித்தவன் தப்பித்துக்கொள்வான். ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கொறிப்பவன் பல்லுக்குத்தான் கேடு.

இதெல்லாம் முடிந்த பிறகு என் தம்பி கேட்டான்: "பால் பல்லுதானே மேடம், எப்படியும் விழுந்துரும்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நாற்காலியில் அவனைப் படுக்கவைத்து மருந்தில்லாமல் ஒரு பல்லைப் பிடுங்கச் சொல்லியிருப்பேன். முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. கடைவாய்ப் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டும். அதுவரை பிள்ளை எதை வைத்து மெல்லுவான், உன் மெக்கானிக்கல் டிகிரியை வைத்தா? பால் பல் முன்கூட்டியே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் வருவது கோணல்மாணலாக வரும். இப்போது கடைவாய்ப் பல் இரண்டுக்கு வேர் சிகிச்சை, மேலே ஸ்டீல் தொப்பி. 'விழப்போற பல்லுக்கா இவ்வளவு ரூபா' என்று வெளியே வந்து ஒரு பாட்டம் புலம்பினான்.

பேஸ்ட் விஷயம் தனிக்கதை. ஃப்ளோரைடு உள்ளது வாங்குங்கள், மூன்று வயது தாண்டிவிட்டதால் பட்டாணி அளவு போதும் என்றார். உடனே, "தர்மபுரிப் பக்கம் ஃப்ளோரைடாலதானே பல்லெல்லாம் கறை?" என்று கேட்டான். அது நிலத்தடித் தண்ணீரில் அளவுக்கு மீறிக் கலந்து வருஷக்கணக்காகக் குடித்ததால் வந்தது, அதற்காகத்தான் ஒகேனக்கல் தண்ணீரைக் கொண்டுபோனார்கள். பட்டாணி அளவு பேஸ்ட்டில் பயம், மூன்று வேளை பாட்டிலில் பயமில்லை!

நான் மட்டும் என்ன யோக்கியம்? ஒவ்வொரு தடவை வரும்போதும் அத்தை கை வெறுங்கை ஆகக் கூடாது என்று கோவில்பட்டி கடலை மிட்டாய் வாங்கி வருபவள் நான்தான். பல்லிடுக்கில் ஒட்டினால் ஊசி வைத்துத்தான் எடுக்க வேண்டும். டாக்டரம்மா 'வேற என்ன சாப்பிடுவான்?' என்று கேட்டபோது பயல் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் பயல் சிணுங்கினான். சமையற்கட்டில் பாட்டில் கழுவுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் தம்பி.

"என்னடா இது?"

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும்க்கா. பாவம், பல்லு வலிக்குதுன்னு அழுறான்."

பல் வலிக்குப் பால் பாட்டில். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. சிரித்துவிட்டேன், அவனும் சிரித்தான், பாட்டிலைத் தேடி வந்த பயலும் கறுத்த பல்லைக் காட்டிச் சிரித்தான். வெறும் தண்ணீர் ஊற்றிக் கொடுடா என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், அலமாரியில் என் சில்வர் தூக்குவாளி.

போன பொங்கலுக்கு முறுக்கு வைத்துக் கொடுத்துவிட்டது. எத்தனை தடவை கேட்டிருப்பேன்! 'இங்க இல்ல அண்ணி, நீங்களே எங்கயாச்சும் வச்சிருப்பீங்க' என்று சாதித்தாள். மூடியில் என் பெயர் வெட்டியிருக்கிறது, கல்யாணச் சீரில் வந்த தூக்கு. திறந்து பார்த்தேன். கழுத்து வரைக்கும் கிரீம் பிஸ்கட்.