கேன்டீன் சரக்கு கேட்கிறவங்களுக்கு

கல்யாண வீடு, துக்க வீடு, ரேஷன் கடை வரிசை, எங்க போனாலும் நேவியில இருந்து ரிட்டயரான என்கிட்ட ஒரே கேள்வி. "அண்ணே, மிலிட்டரி கேன்டீன்ல ரெண்டு ஃபுல் வாங்கித் தர முடியுமா?" நேத்து பெரியப்பா காரியத்துக்குப் போய்ப் பந்தியில உட்கார்ந்தேன். சாம்பார் ஊத்தறதுக்குள்ள பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். முன்னப் பின்ன பார்த்த முகம்கூட இல்லை. பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு.

18 வயசுல ஒடிசாவுல ஐ.என்.எஸ். சில்காங்கிற கடற்படைப் பயிற்சி மையத்துக்குப் பெட்டியைத் தூக்கிட்டுப் போனவன் நான். கப்பல் என்ஜின் ரூம் எப்படி இருக்கும்னு ஒருத்தராவது கேட்டிருக்கீங்களா? காதைப் பொளக்கிற இரைச்சல், டீசல் வாடை, கம்பியைத் தொட்டா சுடும். வாட்ச், அதாவது நம்ம முறை டியூட்டி, முடிஞ்சு மேல வந்தா சட்டையில உப்புப் பூத்திருக்கும். 2004 சுனாமியில நம்ம கப்பல்கள் இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியான்னு நிவாரணத்தோட ஓடுச்சு. 2015-ல சண்டை நடந்துக்கிட்டிருந்த ஏமனுக்கே போய் நம்ம ஜனங்களை ஏத்திட்டு வந்துச்சு. அதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வராது. சரக்கு மட்டும் வரும்!

தர முடியாதுன்னு சொன்னா "மிலிட்டரிக்காரன் திமிரு". நான் குடிக்கிறதில்லைன்னு சொன்னா "அப்ப உங்க சரக்கு கோட்டா சும்மாதானே கிடக்கு?" அதை வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு விதி இருக்குய்யா! 15 வருஷம் முடிச்சு பென்ஷன்ல வந்தா, "இந்த வயசுலயே சும்மா காசு"ன்னு ஒரு பேச்சு வேற. எது சும்மா? மக பொறந்த சேதி நடுக்கடல்ல தாமதமா வந்துச்சே, அதுவா? அப்பாவுக்குக் கொள்ளி வைக்க நான் இல்லாம தம்பி நின்னானே, அதுவா?