அட்டையில் இருப்பது வீட்டுக்காரர் நம்பர்

மூணு நாளாக நம்ம ஏரியா குரூப் எல்லாத்திலும் சுத்துகிற அந்த வீடியோவைப் பற்றித்தான். லிங்க் போட மாட்டேன், எல்லாரும் பார்த்தாச்சு. தடுப்பூசி அட்டையைக் கேமரா முன்னால் விரித்து "ஒன்றரை வயசு ஊசி எங்கம்மா? பெத்த பிள்ளை மேல இவ்வளவு அலட்சியமா?" என்று ஒருத்தர் கேட்கிறார். அந்தப் பெண் பிள்ளையை இடுப்பில் இடுக்கியபடி முந்தானையில் கண்ணைத் துடைக்கிறாள். கீழே வரிசையாகக் கைதட்டல் எமோஜி. நல்லாயிருங்க.

நான் மதுரை செல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் ஒன்பது வருஷமாக டோக்கன் கொடுக்கிறவள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆனால் விட்டுப்போன அட்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அலட்சியம் என்று சொல்வதற்கு முன்னால் அட்டையில் எழுதியிருக்கிற போன் நம்பர் யாருடையது என்று பாருங்க. பெரும்பாலும் வீட்டுக்காரருடையது. அவர் திருப்பூரில் லோடு இறக்கிக்கொண்டிருப்பார். ஊசிக்கான மெசேஜ் அவருக்குப் போகும், வந்ததே இவளுக்குத் தெரியாது. "இப்பதான் தடுப்பூசியைப் பதிந்து ஞாபகப்படுத்துகிற அரசாங்கத்தோட யுவின் வந்திருச்சே" என்பீர்கள். அதுவும் பதிந்த நம்பருக்குத்தான் அனுப்பும் சார்.

அப்புறம் தலைப்பிரசவம். உசிலம்பட்டியில் அம்மா வீடு. பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசி பிசிஜியும், ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகளும் அங்கேயே முடிந்துவிடும். ஐந்தாம் மாதம் பிள்ளையோடு மதுரை வருகிறாள். அங்கே இருக்கிற நர்ஸம்மா "ஊருக்குப் போயிருச்சு" என்று எழுதி வைப்பார். இங்கே இருக்கிறவருக்கு இப்படி ஒரு பிள்ளை வந்ததே தெரியாது. ஒன்பதாம் மாத ஊசியாவது யாரோ சொல்லிப் போட்டுவிடுவாள். ஒன்றரை வயசில் பிள்ளை ஓடியாடித் திரியும், யாருக்கு ஞாபகம் வரும்? ஆனால் ஒன்பதாம் மாத ஊசி மட்டும் என்றால் நூற்றில் 15 பிள்ளைக்குத் தட்டம்மைக்கு எதிராகச் சரியாகப் பிடிக்காது. அதற்குத்தான் இரண்டாவது. இதை அந்தப் பெண்ணிடம் யாராவது உட்கார வைத்துச் சொன்னார்களா?

இன்னொன்று. இந்தத் தட்டம்மை ஊசி மருந்து பல பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரே குப்பியில் வரும், கலக்கிவிட்டால் நான்கு மணி நேரம்தான் தாங்கும். ஒரே பிள்ளைக்காக உடைக்க யோசித்து "அடுத்த புதன் வாங்க" என்று அனுப்பிவிடுகிற இடங்களும் உண்டு. அவளுக்கு அது ஒரு நாள் கூலி.

நான் செய்தது பெரிய காரியமில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று. செவ்வாய் மத்தியானம் கூட்டம் இருக்காது, அப்போது போன் போடுவேன். அட்டை போடும்போதே அவள் நம்பர், அவள் அம்மா நம்பர், பக்கத்து வீட்டு அக்கா நம்பர் என்று மூன்று வாங்கிவிடுவேன். ஒரு தடவை ஒரு பாட்டி எடுத்து "எல்லாம் போட்டாச்சு தாயி, தொடை வீங்கிச்சே" என்றார். அது மூன்றரை மாத ஊசி. மறுநாள் மஞ்சப்பையில் அட்டையை மடித்து வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பேரனோடு வந்து நின்றார். அலட்சியமாம்.

"கிளினிக்குக்கு ஆள் பிடிக்கிறாய்" என்று ஒரு அண்ணன் கமெண்ட் போட்டிருந்தார். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், அங்கேயே போங்க என்றுதான் பாதிப் பேரிடம் சொல்கிறேன். எங்க டாக்டரே இதற்கு என்னை முறைப்பார்.

பெற்றோருக்குப் பொறுப்பில்லையா? இருக்கு, யார் இல்லையென்றது. 2017-இல் இதே தட்டம்மை-ரூபெல்லா ஊசி பற்றி வாட்ஸப்பில் வதந்தி பரப்பியபோது இந்தப் பொறுப்பெல்லாம் எங்கே போச்சு? படிச்சவங்கதானே ஃபார்வர்டு செய்தீங்க.

என் சின்னவனுக்கு முதல் ஊசி போட்ட ராத்திரி அனலாகக் கொதித்தது. காய்ச்சல் வரும், பாராசிட்டமால் சொட்டு மருந்து கொடு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. மாமியார் இனி அங்கிட்டே போகாதே என்றார். இரண்டு வாரம் தள்ளிப் போனேன். ஊசி போடுகிற இடத்தில் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி "படிச்சவதானே நீ?" என்றார்கள். அப்புறம் ஒரு வருஷம் அந்த வாசலையே மிதிக்கவில்லை. தப்புதான். ஆனால் இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கு. நல்லவேளை, அப்போது யார் கையிலும் கேமரா இல்லை.

எடுத்தவர் இதைப் படித்தால், அந்த வீடியோவை முதலில் அழிங்க. அட்டையில் பிள்ளை பேர் தெளிவாகத் தெரியுது.