கோயில் பின்பக்கத்துச் சின்னப் புத்தகத்துக்குக் காசு போடுவது யார்?

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, இதெல்லாம் ஃப்ரீதானே?" கையில் மூன்று புத்தகம் வைத்திருந்தார். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) பற்றி ஒன்று, ஜெபமாலை பற்றி ஒன்று, புனித யோசேப்பு நவநாள் ஜெபம் ஒன்று. "இல்ல தம்பி, பக்கத்துல பெட்டி இருக்கு பாருங்க" என்றேன். "கோயில் புத்தகத்துக்குமா காசு?" என்று முகம் சுளித்தார். பிறகு நவநாளை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இங்கிலாந்துக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது ஆறு வருடமாக எங்கள் பங்குக் கோயிலில் அந்தப் புத்தகத் தட்டைப் பார்த்துக்கொள்கிறவன் நான். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து எண்ணுவேன். சில்லறை இருக்கும். ஒருமுறை ஒரு யூரோ நாணயம், ஒருமுறை கோட்டுப் பொத்தான். இன்னொரு முறை, "அடுத்த வாரம் தருகிறேன், மன்னிக்கவும்" என்று கிறுக்கிய பஸ் டிக்கெட். காலியான இடங்களையும் பெட்டிக் காசையும் வைத்துக் கணக்குப் பார்த்தால் ஒருமுறைகூடச் சரியாக வந்ததில்லை.

இந்த நாட்டில் கத்தோலிக்கக் கோயில்களின் பின்பக்கத்தில் இருக்கும் சிறு புத்தகங்களைப் புரட்டினால், பெரும்பாலும் ஒரே பதிப்பகத்தின் பெயர்தான் கண்ணில் படும்: கத்தோலிக் ட்ரூத் சொசைட்டி. சுருக்கமாக சி.டி.எஸ். லாபத்துக்கு நடத்தும் கம்பெனி இல்லை, பதிவு செய்த அறநிறுவனம். 1868இல் ஹெர்பர்ட் வான் என்ற குருவானவர் தொடங்கியது. மில் ஹில் மறைபரப்புச் சபையைத் தொடங்கியவரும் அவரேதான். 1872இல் அவர் சால்ஃபோர்டு ஆயர் (பிஷப்) ஆனதும் சங்கம் படுத்துவிட்டது. அதை 1884இல் எழுப்பி நிறுத்திய முக்கியமானவர் ஒரு சாமியாரும் இல்லை: ஜேம்ஸ் பிரிட்டன், பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர். பகலெல்லாம் உலர்ந்த செடிகள், மிச்ச நேரமெல்லாம் துண்டுப் பிரசுரங்கள். ஆயர் ஆன வான் பிறகு கர்தினால் ஆனார். ஆனாலும் எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் பிரிட்டன்தான்.

அன்றைய விலை ஒரு பென்னி. பழைய கணக்கில் 240 பென்னி சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. அதாவது 240 பிரசுரம் விற்றால் கைக்கு ஒரு பவுண்டு, அதிலேயே தாள், அச்சு, தபால் எல்லாம். கோயில் வாசலில் பெட்டியை வைத்து, அதை அடுக்கி, தூசி தட்டி, காசு எண்ணி அனுப்பும் ஆட்களுக்கு 'பாக்ஸ் டெண்டர்' என்றே பெயர் இருந்தது. யாருக்கும் சம்பளம் கிடையாது. என் வேலைக்கு இவ்வளவு பழைய பெயர் உண்டு என்று தெரிந்த அன்று வீட்டில் இரண்டு நாள் அலட்டிக்கொண்டு திரிந்தேன்.

இனி நான் சொல்ல வந்தது. அந்தச் சின்னப் புத்தகத்தின் முழுச் செலவையும் அதை எடுப்பவர் கொடுப்பதில்லை. விலையைப் போட்டுவிட்டு எடுத்தாலும் அப்படித்தான். எழுதுகிறவர், இறையியல் சரிபார்ப்பவர், பிழை திருத்துபவர், வடிவமைப்பவர் எல்லோருக்கும் ஆகும் செலவு, நூறு பிரதி அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் ஒன்றுதான். கடை வழியாகப் போனால் விலையில் கணிசமான பங்கு கடைக்காரருக்கு. மிச்சம் இருப்பதில் கிடங்கு வாடகை, ஊழியர் சம்பளம். இத்தாலியில் 1914இல் அருளாளர் ஜேம்ஸ் அல்பெரியோனே தொடங்கிய புனித பவுல் துறவறச் சபையில், சபைத் தம்பிகளே எழுத்துக் கோத்தார்கள், அச்சடித்தார்கள். அடுத்த வருடம் அதே வேலைக்குத் தொடங்கிய புனித பவுலின் புதல்வியர் வீடு வீடாகப் போய் விற்றார்கள். அது துறவற உழைப்பு, சம்பளப் பட்டியலில் வராது. பொதுநிலையினரை வேலைக்கு வைத்து நடத்தும் பதிப்பகத்துக்கு அந்த வசதி கிடையாது. மாதக் கடைசியில் சம்பளம் போட்டே ஆக வேண்டும்.

அப்படியென்றால் பற்றாக்குறையை யார் நிரப்புவது? இரண்டு வழி உண்டு.

முதலாவது, பீடத்துப் புத்தகங்கள், அதாவது பூசையில் குருவும் வாசகரும் பார்த்து வாசிக்கும் பெரிய புத்தகங்கள். 2011 திருவருகைக்காலத்தில் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்) ஆங்கிலத் திருப்பலிப் புத்தகம் புதிய மொழிபெயர்ப்புக்கு மாறியது நினைவிருக்கும். குருவின் வாழ்த்துக்குப் பதிலாக "அண்ட் வித் யுவர் ஸ்பிரிட்" என்று பாதி சபை சொல்ல, பாதி சபை பழையபடி "அண்ட் ஆல்சோ வித் யூ" என்று முழங்கிய அந்த மாதங்கள்! 2024 திருவருகைக்காலத்தில் இங்கே பைபிள் வாசகப் புத்தகமும் மாறியது. ஜெருசலேம் பைபிள் என்ற மொழிபெயர்ப்பு போய், ஈ.எஸ்.வி. என்ற மொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பு வந்தது. (இந்தியாவில் ஆங்கிலத் திருப்பலிக்கு 2020இலேயே இது வந்துவிட்டது.) இங்கே இரண்டையும் வெளியிட்டது சி.டி.எஸ். ஒவ்வொரு பங்கும் வாங்கித்தான் தீர வேண்டும். விலையைப் பார்த்து எங்கள் பங்கின் நிதிக்குழுவில் ஒரு பெரியவர், "இது கொள்ளை" என்றார்.

கொள்ளையா? எங்கள் திருப்பலிப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். தையல் போட்ட பைண்டிங், ஓரத்தில் பொன் பூச்சு, ரிப்பன்கள், பக்கம் புரட்டப் பிடித்திழுக்கும் தாவல்கள். பல வருடம் தினம் திறந்து மூடினாலும் தாங்க வேண்டும். சிவப்பு, கறுப்பு என்று இரண்டு நிறத்தில் அச்சு. நாவல் மாதிரி லட்சக்கணக்கில் அடிக்க முடியாது, ஏனென்றால் இருக்கிற பங்குகள் அவ்வளவுதான். மொழிபெயர்ப்பின் பதிப்புரிமை வேறொருவரிடம், அதற்கு ராயல்டி போகும். முழுத் தொகையையும் முன்பே அச்சகத்தில் கொட்டிவிட்டு, பங்குகள் வாங்கும்வரை காத்திருக்க வேண்டும். வாங்கி முடித்த பிறகு? அடுத்த மாற்றம் ஒரு தலைமுறை கழித்து. ஒரே வருடம் வருமானம் எகிறும், மறு வருடம் பள்ளம். அந்தப் பள்ளத்தை மட்டும் பார்த்து "விற்பனை சரிந்துவிட்டது, நிர்வாகம் சரியில்லை" என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

இரண்டாவது, உயில். செத்துப்போன ஒரு பாட்டி தன் வீட்டை விற்ற காசில் ஒரு பகுதியை எழுதி வைத்திருப்பார். இங்கே அறநிறுவனத்துக்கு எழுதி வைப்பதற்கு வாரிசுரிமை வரி கிடையாது. உயிரோடு இருப்பவர் நன்கொடை கொடுத்து, அவர் வரி கட்டுபவராகவும் இருந்தால், கிஃப்ட் எய்ட் என்ற அரசுத் திட்டம் மூலம் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து வரும். ஆனால் புத்தகத்துக்குக் கொடுக்கும் விலைக்கு இது பொருந்தாது, அது விற்பனை. ஆக, பெட்டியில் விலையைச் சரியாகப் போடுபவரைவிட, புத்தகமே எடுக்காமல் நன்கொடைப் படிவத்தில் கையெழுத்துப் போடுபவர் கணக்கில் கூடுதல் உதவி செய்கிறார். வேடிக்கைதான்.

உயில் பணத்தில் ஒரு சிக்கல் உண்டு. வருவது உறுதி, தொகையும் கணிக்க முடியும் என்றாலே அதை வருமானமாகக் கணக்கில் எழுதியாக வேண்டும். வீடு இன்னும் விற்காமல் கிடக்கும், வங்கியில் ஒரு பைசா வந்திருக்காது, ஏட்டில் மட்டும் உபரி தெரியும். அதுபோல "சிறையில் இருப்பவர்களுக்குப் புத்தகம் அனுப்ப" என்று ஒருவர் கொடுத்தால் அதை வாடகைக்குத் தொட முடியாது. மொத்தத்தில் பணம் இருக்கும், சம்பளத்துக்குத் திண்டாட்டமும் இருக்கும்.

இதெல்லாம் ரகசியம் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸில் மிகச் சிறியவை தவிர மற்ற அறநிறுவனங்கள் நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள், அவற்றைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனிடம் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். கமிஷனின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எந்தப் பதிப்பு அறநிறுவனத்தின் கணக்கை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது லாப நஷ்டத்தை இல்லை, 'ஸ்டாக்' என்ற வரியை, அதாவது கையிருப்புப் புத்தகங்களின் மதிப்பை. விற்காத புத்தகத்தை எப்போதும் அடித்த செலவுக்கே கணக்கில் வைத்திருக்க விதி இடம் தராது. விற்றால் என்ன கிடைக்குமோ அது குறைவென்றால், அந்த அளவுக்கு இறக்கியாக வேண்டும். அங்கே பெரிய தொகை இறங்கியிருந்தால், யாரோ ஆசைப்பட்டு அதிகம் அடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

என் குறையும் இங்கேதான். இந்த வகை அறநிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில், எத்தனை தலைப்பு வெளியிட்டோம் என்று பெருமையாக இருக்கும். எத்தனை பெட்டி பழைய பேப்பருக்குப் போனது என்று நான் படித்த எதிலும் இல்லை. செத்த பாட்டியின் வீட்டுக் காசில் அச்சடித்தது அது. சொன்னால் என்ன குறைந்துவிடும்? நன்கொடை கொடுப்பவர்கள் குழந்தைகள் இல்லையே.

"எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கி இலவசமாகப் போடலாமே" என்று பலர் சொல்கிறார்கள். அச்சும் தபாலும் மிச்சமாகும், சரி. எழுதுகிறவரும் திருத்துகிறவரும் அப்போதும் சாப்பிட வேண்டும். அப்புறம், எங்கள் தட்டிலிருந்து பாவசங்கீர்த்தனப் புத்தகத்தை எடுப்பவர் பெரும்பாலும் யாரும் பார்க்காத நேரத்தில்தான் எடுக்கிறார். எத்தனையோ வருடம் கழித்துக் கோயிலுக்குள் நுழைந்திருப்பார். வலைத்தளத்தைத் தேடிப் போய் இறக்குவாரா என்ன? அவர் காசு போடாமல் எடுத்தால் எனக்குக் கவலையே இல்லை. அதற்குத்தான் அந்தப் பாட்டி எழுதி வைத்தார். வாராவாரம் காரில் வந்து இறங்குகிற நாம் போடாததுதான் உறுத்துகிறது.

சில்லறை வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். பெட்டிமேல் கியூஆர் தாள் ஒட்டி ஒரு வருடமாகிறது. ஓரம் கிழிந்து சுருண்டு, இப்போது ஸ்கேன் ஆக மறுக்கிறது. சனிக்கிழமை மாற்றுகிறேன். அந்தத் தம்பி திருப்பி வைத்த இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு பார்த்தால் கையில் கொடுத்துவிட்டு, காசை நானே பெட்டியில் போட்டுக்கொள்கிறேன்.