கதைப் போட்டியா, ஓட்டுப் போட்டியா?

இணையத்தில் கதைப் போட்டி என்கிறார்கள். ராத்திரி கண் விழித்து எழுதி அனுப்பினால், அப்புறம் 'லிங்க்கைப் பகிருங்கள், அதிக லைக் வாங்கும் கதைக்கே பரிசு' என்கிறார்கள். நான் கதை எழுத வந்தேனா, ஓட்டுக் கேட்க வந்தேனா? விதிமுறைகளின் அடியில் பொடி எழுத்தில் இன்னொன்று: அனுப்பிய எல்லாக் கதைகளின் உரிமையும் அவர்களுக்கே, பரிசு கிடைக்காதவற்றுக்கும் சேர்த்து. எதற்கு? பரிசு கிடைக்காத கதையை வேறெங்கும் அனுப்பவும் வழியில்லை; தளத்தில் ஒருமுறை ஏறிவிட்டால் 'ஏற்கெனவே வெளியானது' என்று பல பத்திரிகைகள் அதைத் தொடவே தொடாது. முடிவு அறிவிக்கும் தேதி தள்ளிக்கொண்டே போகும், மெயில் போட்டால் பதில் வராது, கடைசியில் பிடிஎஃப்பில் ஒரு சான்றிதழ், அதிலும் பெயரில் எழுத்துப்பிழை. சரி, கெடு இருந்தால்தான் பாதியில் கிடக்கும் கதை முடிகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் கதை தொய்ந்தது என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதக் கூடாதா?