சத்தம் போடாமல் கெடும் பாகங்கள்

நண்பர் ஒருவர் முக்குளிக்கும்போது மூச்சுவிட உதவும் தன் ரீபிரீதர் கருவியின் படத்தை அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். மவுத்பீஸ் ஒரு நிறுவனத்துடையது, ஆக்சிஜனை அளக்கும் செல்கள் வேறொரு நிறுவனத்துடையவை, ஸ்க்ரப்பர் குடுவை யாரோ முப்பரிமாண அச்சில் எடுத்து விற்றது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. "இந்தக் குடுவை எத்தனை நிமிடம் தாங்கும்?" என்று கேட்டேன். "ஐம்பது முறை இறங்கிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்றார். நான் கேட்டது அதுவல்ல.

முக்குளிப்பில் பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஸ்கூபாவில் விடும் மூச்சு குமிழியாகப் போய்விடும். ரீபிரீதரில் அது வெளியே போவதில்லை. ஸ்க்ரப்பரில் இருக்கும் சோடா லைம் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும், உடல் செலவழித்த ஆக்சிஜனைக் கருவி ஈடுகட்டும், அதே காற்று திரும்ப வாய்க்கு வரும்.

மாற்றம் செய்வதே பாவம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கருவி பிறந்ததே பட்டறைக் கைவேலையில்தான். 1878இல் ஹென்றி ஃப்ளூஸ் செய்த கருவியில் கரியமில வாயுவை உறிஞ்சியது காஸ்டிக் பொட்டாஷில் நனைத்த கயிற்று நார். 1997இல் இன்ஸ்பிரேஷன் என்ற ரீபிரீதர் விற்பனைக்கு வரும்வரை, ராணுவத்துக்கு வெளியே இதை விரும்பிய பலர் தாங்களாகவே செய்துகொண்டார்கள். முதுகுப் பட்டை, ஈயப் பை, விளக்கு மாட்டும் கொக்கி இவற்றையெல்லாம் நானும் இஷ்டம்போல் மாற்றியிருக்கிறேன். பட்டை சரியில்லை என்றால் தோள் சொல்லிவிடும்.

சொல்லாத பாகங்கள் மூன்று. கரியமில வாயுவை உறிஞ்சுவது, காற்றை ஒரே திசையில் ஓட வைப்பது, ஆக்சிஜனை அளப்பது. இவை கெட்டால் சத்தம் வராது. என் சண்டை இவற்றைப் பற்றியது மட்டும்தான்.

இரண்டாவதில் நானே பாடம் படித்தேன். மவுத்பீஸின் இரு பக்கமும் காளான் வால்வு என்ற மெல்லிய சிலிக்கான் வட்டு ஒன்று இருக்கும். ஒன்று மூச்சை உள்ளே விடும், மற்றது வெளியே விடும். என் பழைய வட்டுகளின் விளிம்பு நெளிந்துவிட்டது. தயாரித்தவரிடம் இருப்பு இல்லை. வேறு ஒருவரிடம் அதே விட்டத்தில் கிடைத்தது, விலையும் பாதி. நகத்தால் அழுத்தினால் மட்டும் தெரிகிற அளவுக்கு அது கொஞ்சம் மெலிது. ஒரு பக்கக் குழாயை அடைத்து ஊதியும் உறிஞ்சியும் பார்க்கும் சோதனையில் தேறிவிட்டது.

மூன்றாம் முறை இறங்கியபோது, சுமார் 25 மீட்டரில், நீரோட்டத்துக்கு எதிராக நீந்தினேன். மூச்சு வாங்கியது. உடம்பு வைத்துவிட்டது, நாளையிலிருந்து ஓட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையாகவே அதைத்தான் நினைத்தேன். பிறகு நீந்துவதை நிறுத்தியும் மூச்சு அடங்கவில்லை. பெயில்அவுட்டுக்கு, அதாவது அவசரத்துக்குக் கூடவே கொண்டுபோகும் சாதாரண ஸ்கூபா மூச்சுக்கு, மாறினேன். மாறுவதற்காக மூச்சைப் பிடிக்க வேண்டிய அந்த இரண்டு விநாடி, என்னால் முடியாது என்று தோன்றியது. மேலே வந்த பிறகு மாலைவரை நெற்றிப்பொட்டு தெறித்தது.

வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மெதுவாக ஊதினால் வட்டு ஒழுங்காக அமர்கிறது. வேகமாக ஊதி உறிஞ்சினால் ஓர் ஓரம் சுருண்டு நின்றுவிடுகிறது. விட்ட மூச்சில் ஒரு பங்கு அப்படியே எனக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஸ்க்ரப்பரில் அன்று காலையில் நிரப்பிய புது சோடா லைம் இருந்தது. மூச்சு அதன் பக்கம் போனால்தானே!

இனி நண்பரின் குடுவைக்கு வருகிறேன். ஐரோப்பியத் தரமான ஈ.என். 14143 இதை எப்படிச் சோதிக்கச் சொல்கிறது தெரியுமா? மூச்சு விடும் இயந்திரம் ஒன்றை மாட்டி, 40 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில், 4 டிகிரி குளிர்நீரில், நிமிடத்துக்கு 40 லிட்டர் காற்றை ஓட்டி, அதில் 1.6 லிட்டர் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். உள்ளிழுக்கும் காற்றில் அதன் பகுதி அழுத்தம் 5 மில்லிபார் ஆகும்வரை எத்தனை நிமிடம் என்று எண்ணுகிறார்கள். கையேட்டில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு அந்தக் குடுவைக்கும், அந்த அளவு சோடா லைம் குருணைக்கும் மட்டுமே சொந்தம். சுவரோரம் சிறு சந்து இருந்தாலும் போதும், பள்ளம் கண்ட தண்ணீர்போல் காற்று அந்த வழியே போய்விடும். வெதுவெதுப்பான, ஆழமில்லாத நீரில் சாவகாசமாக மிதந்த ஐம்பது முறையும், குளிரில் ஆழத்தில் மூச்சிரைக்க நீந்தும் ஒரு முறைக்குச் சாட்சி சொல்லாது.

செல்கள் இன்னும் மோசம். பிளக் பொருந்துகிறது, காற்றில் காட்டும் மில்லிவோல்ட்டும் சரியாக இருக்கிறது, அதனால் போட்டுவிடுகிறார்கள். கரையில் நாம் சரிபார்ப்பது 1 பார் ஆக்சிஜனில். கீழே கருவி காக்க வேண்டிய ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் பெரும்பாலும் 1.3 பார். வயதான செல் 1 வரை ஒழுங்காகக் காட்டிவிட்டு, அதற்கு மேல் ஏற முடியாமல் நின்றுவிடக்கூடும். கருவி, ஆக்சிஜன் போதவில்லை என்று எண்ணி ஊற்றிக்கொண்டே இருக்கும். 1.6ஐத் தாண்டினால் வலிப்பு வரும் ஆபத்து கூடிக்கொண்டே போகும். மூன்று செல் இருக்கிறதே என்பார்கள். பல கருவிகள் நெருங்கி ஒத்துப்போகும் இரண்டைத்தான் நம்பும். ஒரே தொகுப்பில் வாங்கிய இரண்டு சேர்ந்து தளர்ந்தால், உண்மை சொல்லும் மூன்றாவதைத்தான் அது தள்ளி வைக்கும்.

சிலிண்டரின் உயர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரின் முதல் நிலையை மாற்றுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது தரும் அழுத்தம் கூடிப்போனால் ஆக்சிஜனைத் திறந்துவிடும் மின் வால்வான சோலினாய்டு திறக்கத் திணறும். ஆக்சிஜன் ஓயாமல் சிறிது சிறிதாக வழியும் ஊசி வால்வுக் கருவியிலோ, ஆழத்துக்கேற்ப அழுத்தம் கூடாதபடி அடைத்த முதல் நிலைதான் வேண்டும். சாதாரணமானதை மாட்டினால் ஆழம் கூடக் கூட ஆக்சிஜனும் கூடுதலாக வழியும்.

1998 முதல் 2010 வரை நடந்த ரீபிரீதர் மரணங்களை ஆராய்ந்து ஆண்ட்ரூ ஃபாக் 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கணக்கில் வந்தவை 181 மரணங்கள். சாதாரண ஸ்கூபாவைவிட ஆபத்து நான்கு முதல் பத்து மடங்கு இருக்கலாம் என்பது அவர் மதிப்பீடு. எல்லாம் வெளியார் செய்த பாகத்தால் என்று நான் சொல்லவரவில்லை, கட்டுரையும் அப்படிச் சொல்லவில்லை. ஏற்கெனவே இவ்வளவு ஒடுங்கிய வரப்பில் நடக்கிறோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தயாரிப்பாளர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு ரப்பர் வளையத்துக்கு அவர்கள் போடும் விலையைப் பார்த்தால் யாருக்கும் மாற்று தேடத் தோன்றும். சில கருவிகளுக்கு நிறுவனமே மூடிவிட்டது, வைத்திருப்பவர் என்ன செய்வார்? வெளியார் செய்ததில் நல்லவையும் உண்டு. நெம்புகோலைத் திருப்பினால் வாயை விட்டு எடுக்காமலே பெயில்அவுட் தரும் மவுத்பீஸை நானே பின்னால் வாங்கிப் பொருத்தினேன். அந்த இரண்டு விநாடியை மறக்க முடியவில்லை. ஆனால் என் கருவியோடு சேர்த்து அதன் மூச்சுத் தடையை அளந்திருக்கிறார்களா என்று கேட்டு, அளவு வந்த பிறகுதான் பணம் கொடுத்தேன். விற்பவர் எண்ணைக் காட்டட்டும், நானும் வாங்குகிறேன்.

நண்பரிடமும் இதைத்தான் கேட்கச் சொன்னேன். விற்றவருக்கு எழுதினார். "எங்கள் வாடிக்கையாளர்கள் அனைவரும் திருப்தியாக இருக்கிறார்கள்" என்று பதில் வந்ததாம். அதன் பிறகு பழைய குடுவையை மாட்டினாரா என்று என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அனுப்பிய படத்தை மட்டும் நீக்கிவிட்டார்.