அந்தப் பையன் பாட்டிலைக் கீழே போடல

ரெண்டு நாளா எல்லார் பக்கத்துலயும் அந்த வீடியோதான் ஓடுது. மளிகைக் கடை ரேக்குல இருந்த தரை கழுவுற லிக்விட் பாட்டில், அடியில கீறி ரேக் முழுக்க நுரை. "நான் தொடவே இல்லண்ணே"ன்னு கடைப் பையன் கெஞ்சுறான். கம்பெனி ஒரே வரியில "கையாளும்போது ஏற்பட்ட சேதம்"னு முடிச்சுட்டாங்க. ஓனர் சம்பளத்துல பிடிச்சுட்டாராம். அவன் சொல்றது உண்மையா இருக்கலாம்னு நேத்து ஒரு வரி எழுதினதுக்கு, "முட்டுக் கொடுக்காதீங்க சார்"னு எனக்குப் பாடம் எடுக்குறாங்க. சரி, இன்னிக்கு முழுசாவே முட்டுக் கொடுத்துடுறேன்.

வீடியோவை நிறுத்தி அந்த விரிசலைப் பாருங்க. அது ஹெச்டிபிஇ பாட்டில், அதாவது அடர்த்தி கூடின பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். கீழே விழுந்து உடைஞ்சிருந்தா பிளாஸ்டிக் இழுபட்டிருக்கும், விளிம்பு வெளுத்துப் பிசிறு பிசிறா நிக்கும். இதுல வெளுப்பும் இல்ல, இழுவையும் இல்ல. பிளேடால கீறின மாதிரி நேர்கோடு, அதுவும் சரியா அடித் தையல் மேல. விழுந்த அடியில ஹெச்டிபிஇ பொதுவா இப்படி உடையாது. பல வாரமா உள்ள இருந்து கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து வந்த விரிசல் இது. பையன் கீழே போடல.

அடித் தையல்னா என்ன? காத்து ஊதிப் பாட்டில் செய்யுற புளோ மோல்டிங்ல சூடான பிளாஸ்டிக் குழாய் ஒண்ணு தொங்கும், அதுதான் பாரிசன். டை, அதாவது பாட்டில் அச்சு, மூடுறப்ப அதோட அடி நசுங்கி ஒட்டிக்கும், அப்புறம் காத்து ஊதுவாங்க. ஒட்டின அந்தக் கோடுதான் பாட்டிலோட பலவீனமான இடம். டை சரியா இல்லன்னா உள்பக்கம் அந்தக் கோட்டுல ஒரு பள்ளம் விழும். பாட்டிலுக்குள்ள இருக்குற இறுக்கம் பூராவும் அந்தப் பள்ளத்துல போய் உக்காந்துக்கும்.

இறுக்கம் மட்டும்னா தாங்கும். கூட சோப்புத் தண்ணி சேருது பாருங்க, அங்கதான் விஷயம். சோப்பு பாலிஎத்திலீனைக் கரைக்காது. ஆனா ஏற்கெனவே இழுபட்டு நிக்குற இடத்துல நுழைஞ்சு, படிகப் பகுதிகளைக் கட்டி வச்சிருக்குற நீளமான மூலக்கூறு இழைகளை வழுக்கி உருவ வைக்கும். ஒவ்வொரு இழையா விடும். வெளிய ஒண்ணும் தெரியாது. அதே பாட்டில்ல வெறும் தண்ணி இருந்தா இவ்வளவு சீக்கிரம் விரியாது. கோடவுன் வெயிலும், மேல அடுக்கின பெட்டிகளோட கனமும் இதை இன்னும் வேகப்படுத்தும்.

இது நேத்து கண்டுபிடிச்ச சங்கதியும் இல்ல. 1950கள்ல பிலிப்ஸ் பெட்ரோலியம் மார்லெக்ஸ்னு ஹெச்டிபிஇ கொண்டு வந்தப்பவே இதே மாதிரி விரிசல் விட்டு, சரக்கு கோடவுன்ல தேங்கிச்சு. அப்ப ஹுலா ஹூப் வளையம் பிரபலமானதால அந்தச் சரக்குல நிறைய அதுக்குப் போச்சு. வளையத்துக்குள்ள யாரும் சோப்பு ஊத்தலையே! பிறகு பியூட்டீன்ங்கற இன்னொரு வேதிப்பொருளைக் கொஞ்சம் சேர்த்து, ரெண்டும் இணைஞ்ச கோபாலிமரா மாத்தித்தான் சரி பண்ணாங்க. இதைச் சோதிக்க, தர நிர்ணய அமைப்பான ஏஎஸ்டிஎம்மோட டி1693னு ஒரு முறையே இருக்கு. 10 துண்டு வெட்டி, கீறல் போட்டு, யு மாதிரி வளைச்சு, 50 டிகிரியில ஐஜெபால்ங்கற சோப்புக் கரைசல்ல முக்கி, அந்தத் துண்டுகள்ல பாதி விரிசல் விட எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு பாக்கணும். அவ்வளவுதான்.

ஆக, தெரியாம நடக்குறது இல்ல. பால் பாட்டிலுக்கான ஹோமோபாலிமர், அதாவது பியூட்டீன் எதுவும் சேர்க்காத பாலிஎத்திலீன், அடர்த்தி 0.960 பக்கம், விறைப்பா இருக்கும். விறைப்பா இருந்தா சுவரை மெலிசாக்கலாம், கிராம் மிச்சம். அடுக்கிப் பாக்குற சோதனையில பாஸ், கீழே போட்டுப் பாக்குற சோதனையிலயும் பாஸ். சோப்பும் நாளும் சேர்ந்தாத்தான் குட்டு வெளிப்படும், அதுக்குள்ள சரக்கு கடைக்குப் போயிடும். கோபாலிமர் போட்டா கொஞ்சம் கனமா ஊத்தணும், அதான் கசக்குது. இதுல ஸ்கிராப் தானாவை (கழிவு பிளாஸ்டிக்கை மறுபடி மணியாக்கினது) கூடுதலா கலந்து, ஒரு பாட்டில் அடிக்குற சைக்கிள் நேரத்துல ரெண்டு செகண்டை மிச்சம் பிடிக்கக் கூலிங்கைக் குறைச்சா, பாட்டில் டையை விட்டு வர்றப்பவே இறுக்கத்தோடதான் வரும். அடியில முக்கோணத்துக்குள்ள 2ன்னு போட்டிருக்கேன்னு கேக்காதீங்க. ஹோமோவா கோவான்னு அந்த 2 சொல்லாது.

மூடியோட கதை தனி. ஃபிளிப் டாப் மூடியோட கீல் ஒரே பிபி (பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக்) துண்டு, கால் மில்லிமீட்டர் சுமார்தான் இருக்கும். பிளாஸ்டிக் ஒரு பக்கத்துல இருந்து கீலைக் கடந்து ஓடணும், டையை விட்டு வந்ததும் சூட்டோட ஒரு தடவை மடக்கணும், அப்பத்தான் இழைகள் ஒரே திசையில நிக்கும். ரெண்டு பக்கமும் கேட் (பிளாஸ்டிக் அச்சுக்குள்ள நுழையுற வாசல்) வச்சு, ரெண்டு ஓட்டமும் கீல் மேலயே சந்திச்சா நாலு தடவை திறந்ததும் கையோட வரும். அதுக்கும் "வேகமாத் திறந்துட்டீங்க"ன்னு நம்ம மேலதான் பழி.

"மறுசுழற்சிக்கு எதிரியா நீங்க?"ன்னு ஒருத்தர். இல்லங்க. மூணு அடுக்கு பாட்டில்ல நடு அடுக்குல மறுசுழற்சிச் சரக்கு போட்டு, சோப்பு படுற உள் அடுக்குல வர்ஜின், அதாவது புதுச் சரக்குக் கோபாலிமர் போடலாம். மெஷின் இருக்கு, ஆள் இருக்கு. "பிளாஸ்டிக் தொழில்காரன் பிளாஸ்டிக்குக்குத்தான் பேசுவான்"னு இன்னொருத்தர். மறுபடி படிங்க, நான் யாரைத் திட்டிட்டு இருக்கேன்னு தெரியும்.

"விலை ஏறினா ஏழை எப்படி வாங்குவான்?" இந்தக் கேள்வியை மட்டும் என்னால தள்ளிவிட முடியல. நியாயந்தான், பாட்டிலுக்கு நாலஞ்சு கிராம் கூடினாலும் காசுதான். ஆனா உடைஞ்ச பாட்டிலுக்கு இப்ப காசு குடுத்தது யாரு? சம்பளத்துல பிடிபட்ட அந்தப் பையன்தானே? கம்பெனி மிச்சம் பிடிச்ச கிராமுக்கு அவன் பில் கட்டியிருக்கான். அவன் ஏழை இல்லையா? அவனுக்காக ஒருத்தர் கூட விலைவாசி பேசலையே. எனக்கு எரியுறது அதுதான். பாலிமரைப் பத்தி எழுதத்தான் உக்காந்தேன், எங்கயோ போயிட்டேன்.

"எல்லா விரிசலும் இப்படித்தானா?" இல்ல. போட்டு உடைக்குறதும் உண்டு. அதான் வெளுப்பைப் பாருங்கன்னு சொல்றேன். கடைக்காரர் அந்தப் பாட்டிலைத் தூக்கி எறியாம, அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்துல படம் எடுத்து, பேட்ச் நம்பர் தெரியுற மாதிரி வச்சுக்கட்டும். அதே பெட்டியில மீதி இருக்குற பாட்டில்களைக் கவிழ்த்து, அடித் தையல்ல விரல் ஓட்டிப் பாக்கட்டும். இன்னும் ரெண்டு மூணுல அதே கோடு ஆரம்பிச்சிருந்தா, அதையும் அந்தப் பையன்தான் போட்டு உடைச்சான்னு கம்பெனியை எழுதித் தரச் சொல்லுங்க. பிடிச்ச சம்பளத்தை முதல்ல திருப்பிக் குடுத்துட்டு.